கேட்டில் தொங்கிய போர்டு

அந்த நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்தால், மதிப்பெண் சான்றிதழ் முதலாளி சங்கரபாண்டியின் பீரோவுக்குள் போய்விடும். பத்தாவது முடித்த விடுமுறையில் வேலைக்கு வந்த மாரீஸ்வரி அதைத் திருப்பிக் கேட்டாள். மறுநாள் அவள் பாலிடெக்னிக்கில் சேர வேண்டும்.

முதலாளி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். "நான் எட்டாவதுதாம்மா. முந்நூறு பேருக்குச் சம்பளம் போடுறேன். படிப்புக்கு இந்த மில்லுல என்ன மதிப்புன்னு காட்டு, தந்துடுறேன்."

"கேட்ல 'ஆள் தேவை'ன்னு நீங்க மாட்டின போர்டைப் பாருங்க மொதலாளி. டிப்ளமோ படிச்ச சூப்பர்வைசருக்கு முப்பதாயிரம். எட்டாவதுக்கு மூட்டை தூக்குற வேலை, பத்தாயிரம். இன்னைக்கு நீங்களே வேலை கேட்டு வந்தா எதைக் குடுப்பீங்க?"

பக்கத்து மேசையில் இருந்த கணக்குப்பிள்ளை சிரிப்பை அடக்க இருமினார். முதலாளி இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பீரோவைத் திறந்தார்.

சான்றிதழோடு வாசல்வரை போனவள் திரும்பினாள். "போர்டைக் கழட்டிடாதீங்க மொதலாளி. மூணு வருஷத்துல அந்த வேலைக்கு வருவேன்."