வேலைக்கு உடுத்தி வந்தவள்

உடுமலைப் பக்கம் ஒரு நூற்பாலையில் சூப்பர்வைசர் வேலைக்கு நேர்காணல். வந்த ஒன்பது பேரில் எட்டுப் பேர் கோட்டும் டையுமாக வந்திருந்தார்கள். அதே ஆலையில் ஏழு வருடமாக மெஷின் ஓட்டிய பவளக்கொடி மட்டும் சாதாரணச் சட்டையும் பேண்ட்டும் போட்டு, கொண்டையை இறுக்கி முடிந்து, துப்பட்டாவோ வளையலோ இல்லாமல் வந்திருந்தாள்.

மேலாளர் சிவசைலம் தன் டையைச் சரிசெய்தபடி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நேர்காணலுக்கு எப்படி உடுத்தணும்னு தெரியாதா? வெளியே இருக்கறவங்களைப் பாரு."

"பார்த்தேனுங்க. அவங்க இந்த அறைக்கு உடுத்தி வந்திருக்காங்க. நான் வேலைக்கு உடுத்தி வந்திருக்கேன்."

அவருக்குச் சுருக்கென்றது. "அப்படியா? நாலாம் நம்பர் மெஷின்ல காலையிலிருந்து நூல் அறுந்துக்கிட்டே இருக்கு. மெக்கானிக்கே கைவிட்டுட்டான். வந்து சரி பண்ணிக் காட்டு" என்று எழுந்து நடந்தார்.

மெஷின் கூடத்து வாசலில் காவலாளி மாரப்பன் அவளை உள்ளே விட்டார். பின்னால் வந்த மேலாளரைக் கை நீட்டி மறித்தார்.

"மன்னிக்கணுங்க. தொங்குற துணியோட யாரும் உள்ளே போகக் கூடாதுன்னு நீங்கதானுங்க கையெழுத்துப் போட்டு ஒட்டியிருக்கீங்க."

அவசரத்தில் இழுத்ததில் டை முடிச்சு இன்னும் இறுகிக்கொண்டது. ஒருவழியாக அவர் அதைக் கழற்றிவிட்டு உள்ளே போவதற்குள், பவளக்கொடி மெஷினை நிறுத்தி, தரையில் படுத்து, உருளைக்கு அடியில் சுற்றியிருந்த பஞ்சை உருவி எடுத்து, திரும்ப ஓட்டிவிட்டிருந்தாள். நூல் அறாமல் ஓடியது.

மேலாளர் கழற்றிய டையைச் சட்டைப் பைக்குள் திணித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எப்பம்மா சூப்பர்வைசர் வேலைக்குச் சேர்றே?"

"சேர்ந்து கால் மணி நேரம் ஆச்சுங்க."