மரமாக நின்ற மயில்

கோடையில் அந்தக் காட்டில் ஒரே ஒரு குளத்தில்தான் தண்ணீர் இருந்தது. புலியும் அங்கேதான் குடிக்க வேண்டும், மானும் அங்கேதான் குடிக்க வேண்டும்.

குளத்தின் கிழக்கே ஒரு வெள்ளைப் பாறை. மாலை வெயிலில் அதன் முன்னே யார் நின்றாலும் நிழல் பெரிதாக விழும். அந்த நிழலை வைத்துப் படம் காட்டுவது நரியின் தொழில். படம் என்றால் புலிக்கு உயிர். அந்த வருஷம் அது எல்லோரையும் கூட்டி வைத்து ஒரு வார்த்தை சொன்னது.

“படம் நல்லா இருக்கிற வரைக்கும் குளத்துப் பக்கம் நான் வேட்டையாட மாட்டேன். எனக்குக் கொட்டாவி வந்துச்சுன்னா, அதோட பேச்சு முடிஞ்சுது.”

மழைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. பிறந்து நாலே நாளான குட்டியோடு ஒரு மான் நரியிடம் வந்தது.

“அண்ணே, இவளுக்கு இன்னும் ஓடத் தெரியாது. படத்தைக் கொஞ்சம் பார்த்துப் பண்ணுங்க.”

“கவலைப்படாதேம்மா” என்ற நரி, உடனே ஒரு விளாம்பழத்தை உடைத்துப் பூஜை போட்டது. நாளை மறுநாள் படம் என்று காடெல்லாம் அறிவித்தும் விட்டது.

“கதை என்னண்ணே?” என்று முள்ளம்பன்றி கேட்டது.

“பூஜை போட்டாச்சு, தேதியும் சொல்லியாச்சு. கதையைப் போகப் போகப் பார்த்துக்கலாம்.”

முள்ளம்பன்றியிடம் ஒரு கதை இருந்தது. உதிர்ந்த தன் முள்ளால் தேக்கிலையில் எழுதி, அடித்து, மறுபடி எழுதி, ஒரு வருஷம் உழைத்த கதை. சரி, இருக்கட்டும் என்று நரி எல்லோரையும் கதை டிஸ்கஷனுக்குக் கூப்பிட்டது.

“இதுல நான் எங்கே வர்றேன்?” என்றது மயில்.

“கதையில மயிலே கிடையாதுங்க.”

“அப்போ வைங்க!”

தவளைகள் ஐந்து பாட்டு கேட்டன. குரங்குகள் மூன்று சண்டை கேட்டன. டிஸ்கஷன் முடிந்தபோது கதையில் ஒரு வரிகூட மிஞ்சவில்லை. எழுதிய இலைகளில் குரங்குகள் பழம் வைத்துத் தின்றுவிட்டன. முள்ளம்பன்றிக்கு அழுகை வந்துவிட்டது. அப்படியே வளைக்குப் போய்விட்டது.

முதல் நாள் மயில் தோகையை விரித்ததும் விசில் பறந்தது. பாவம், நிழலில் நிறம் ஏது? பாறை முழுக்க ஒரே கறுப்பு. இரண்டாம் நாள் விசில் குறைந்தது. மூன்றாம் நாள் மயில் தோகையை விரித்தபோது புலியின் வாய் மெல்லத் திறந்தது.

புலி சிரிக்கிறது என்று நினைத்து நரியும் சிரித்தது. மான் மட்டும் குட்டியைத் தன் பின்னால் மறைத்துக்கொண்டது.

புலி பாதியில் வாயை மூடிக்கொண்டது. “அரைக் கொட்டாவிதான் வந்துச்சு. நாளைக்கு ஒரு நாள் பார்க்கறேன்.”

நரி முள்ளம்பன்றியின் வளைக்கு ஓடியது. “தங்கச்சி, உன் கதைதான் காப்பாத்தணும். இலை ஏதாச்சும் மிச்சம் இருக்கா?”

“இலை போனா என்ன, கதை எனக்கு மனப்பாடம். ஆனா நான் சொன்னதை மாத்தாம எடுக்கணும். மயிலண்ணன் வேணும்னா மரமா நிக்கட்டும்.”

நரி போய்ச் சொன்னதும் மயிலின் முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் மான்குட்டியைப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டது.

மறுநாள் மாலை பாறையில் ஒரு மரத்தின் நிழல் விழுந்தது. மரத்தில் ஒரு காக்கைக் கூடு, அதில் ஒரு குஞ்சு. காக்கை தான் தின்னாமல் அதற்கு ஊட்டியது. ஒரு நாள் குஞ்சு முதன்முதலாக வாய் திறந்தது. ‘கா’ என்று வரவில்லை. ‘கூ’ என்று வந்தது. அது குயில் குஞ்சு.

பக்கத்துக் கிளையில் இருந்த காக்கைகள் சட்டென்று திரும்பின. தாய்க் காக்கை என்ன செய்யும்? குளக்கரையில் யாரும் அசையவில்லை. புலி எழுந்து முன்னால் வந்து உட்கார்ந்தது.

காக்கை உரக்கக் கரைந்தது. குஞ்சின் குரல் வெளியே கேட்காதபடி கரைந்துகொண்டே இருந்தது. மற்றக் காக்கைகள் பறந்துபோனதும் குஞ்சிடம் குனிந்தது.

“கண்ணு, றெக்கை முளைக்கிற வரைக்கும் வாயைத் திறக்காதே.”

“நான் உன் பிள்ளை இல்லைன்னு உனக்குத் தெரியுமாம்மா?”

“முட்டையிலேயே தெரியும்டா.”

புலி முன்னங்காலால் கண்ணைத் துடைத்துக்கொண்டது. தூசி என்று சொன்னது.

“நாளைக்கு என்ன படம் போடட்டும்?” என்று நரி பயந்துகொண்டே கேட்டது.

“இதையே போடு.”

அந்த மாதம் முழுக்க அதே படம்தான் ஓடியது. மழை வந்து ஓடையெல்லாம் நிரம்பியது. குளத்துக்கு வரவேண்டிய தேவை புலிக்கு இல்லை. இருந்தும் வெயில் அடித்த மாலைகளில் தன் குட்டிகளையும் கூட்டிக்கொண்டு வந்தது. “இப்போ பாருங்க, குஞ்சு வாயைத் திறக்கும்” என்று முன்கூட்டியே சொல்லி எல்லோரிடமும் திட்டு வாங்கியது. ஓடக் கற்றுக்கொண்ட மான்குட்டி ஓடாமல் அங்கேயே நின்று பார்த்தது.

“அந்தப் படத்துல மரமா வந்தது யார் தெரியுமா?” என்று மயில் இன்றைக்கும் போவோர் வருவோரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறது.

நீதி: காலத்துக்கும் நிற்கிற படம் வேண்டுமென்றால், பூஜைக்குப் பழம் தேடும் முன்னே கதையை ஒழுங்காக எழுதி முடிக்க வேண்டும்.