போலீசாக என்ன படிக்கலாம்?

"போலீசாகணும்னா காலேஜ்ல என்ன படிக்கணும், மேடம்?"

இன்ஸ்பெக்டர் ஷமீமா ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தார். காலையில் மைதானத்தில் ஓடி முடித்த நேரம். கேட்டவள் யுவராணி. அதே மைதானத்தில் ஈட்டி எறிந்து பழகுகிறவள். பிளஸ் டூ முடித்திருந்தாள்.

"எஸ்.ஐ. தேர்வுக்கு ஏதாவது ஒரு டிகிரி போதும்."

"அது தெரியும், மேடம். எந்த டிகிரின்னு கேக்கறேன். அப்பா குற்றவியல்ங்கறாரு. மாமா சட்டம் படிங்கறாரு. கோச் சார், இனிமே எல்லாத் திருட்டும் கம்ப்யூட்டர்லதான், அதைப் படிங்கறாரு. வீட்ல தினம் சண்டை. நாளைக்கு விண்ணப்பம் போடக் கடைசி நாள்."

"நீ என்ன சொல்ற?"

"எனக்குப் போலீசாகணும். அவ்வளவுதான் தெரியும்."

ஷமீமா எழுந்து பையைத் தோளில் மாட்டினார்.

"ஸ்டேஷனுக்கு வா."

*

அது ரயில்வே காவல் நிலையம். ஜங்ஷனில், முதல் பிளாட்பாரத்தின் கோடியில் இருந்தது.

ஷமீமா தன் அறையின் மூலையில் ஒரு நாற்காலியைக் காட்டினார்.

"உட்காரு. கேளு. வாயைத் திறக்காதே."

"எதைக் கேக்கணும், மேடம்?"

ஷமீமா மேஜை மேலிருந்த பைலைப் பிரித்தார்.

யுவராணி உட்கார்ந்தாள். பர்ஸ் தொலைத்தவர் வந்தார். சீட்டுக்காக அடித்துக்கொண்ட இருவர் வந்தார்கள். இதையெல்லாம் கேட்டு நான் என்ன படிப்பது என்று அவளுக்குச் சலிப்பாக இருந்தது.

அப்புறம் ஒரு குழந்தை வந்தது.

*

நாலு வயதிருக்கும். பாவாடை சட்டை, கசங்கிய முகம். கூட ஒரு பெண், சுத்தமான சேலையில். ரயிலில் குழந்தை விடாமல் அழுததால் சந்தேகப்பட்டு அழைத்து வந்ததாக ஏட்டு தணிகாசலம் சொன்னார்.

"என் அக்கா பொண்ணுங்க, மேடம்," என்றாள் அந்தப் பெண். "நாங்க ராணிப்பேட்டை பக்கம். இவ பொறந்தது வளந்தது எல்லாம் அங்கதான். சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிட்டுத் திரும்பறோம்."

குரலில் நடுக்கமே இல்லை. போனில் குழந்தையின் போட்டோவையும் காட்டினாள்.

"உன் பேர் என்னம்மா?" என்றார் ஷமீமா.

குழந்தை அழுதது.

"இவங்க யாரு? சித்தியா?"

குழந்தை இன்னும் அழுதது. விக்கலுக்கு நடுவே ஒன்றைச் சொன்னது.

"அப்புச்சிகிட்டப் போவோணும்."

"அப்புச்சின்னா?" என்றார் ஏட்டு.

அந்தப் பெண் சிரித்தாள். "வீட்ல வளக்கற நாய்க்குட்டிங்க, சார். அதை விட்டுட்டு வந்ததுலேருந்து இதே அழுகைதான்."

ஏட்டுக்கும் சிரிப்பு வந்தது. அவர் வீட்டிலும் பேத்தி இருந்தாள். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக் குழந்தையிடம் நீட்டினார்.

"பாவம், மேடம். அடுத்த வண்டி வரப்போகுது. அனுப்பிடலாமா?"

ஷமீமா பேனாவை எடுத்தார்.

மூலையில் நாற்காலி கிறீச்சிட்டது. யுவராணி எழுந்து நின்றிருந்தாள்.

"அனுப்பாதீங்க, மேடம்."

"உன்னைப் பேசச் சொன்னேனா?"

"இல்ல, மேடம்."

"அப்புறம்?"

யுவராணி குழந்தையைப் பார்த்தாள். தப்பாக இருந்தால் ஒரு குடும்பத்தைச் சந்தேகப்பட்ட பழி. பேசாமல் இருந்தால்?

"அப்புச்சி நாய்க்குட்டி இல்ல. அம்மாவோட அப்பா. ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்ல என் ரூம்ல காங்கேயத்துப் பொண்ணு ஒருத்தி இருந்தா. அவ தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவா. நாம இந்தப் பக்கமெல்லாம் போவணும்னு சொல்லுவோம். இந்தக் குழந்தை போவோணும்னு சொல்லுது. இது ராணிப்பேட்டையில வளந்த குழந்தை இல்ல."

"குழந்தைங்க வாய்க்கு வந்ததைச் சொல்லும்," என்றாள் அந்தப் பெண். இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

ஷமீமா ஏட்டைப் பார்த்தார். ஏட்டு உதட்டைப் பிதுக்கினார். "நான் கேள்விப்பட்டதில்ல, மேடம்."

"நானும்தான்," என்றார் ஷமீமா. "ஆனா நான் எங்கப்பாவை வாப்பான்னு சொன்னா யாருன்னு கேட்ட ஊர்லயும் வேலை பாத்திருக்கேன்."

பேனாவைக் கீழே வைத்தார். யுவராணியை நோக்கிக் கையை நீட்டி, அப்படியே குழந்தையின் பக்கம் காட்டினார்.

*

யுவராணி தரையில் உட்கார்ந்தாள். ஹாஸ்டலில் விளக்கணைத்த பிறகு தோழியைப் போலவே பேசிக்காட்டிச் சிரிக்கவைத்த குரல் அவளிடம் இருந்தது. அதை எடுத்தாள்.

"ஏங்கண்ணு, அப்புச்சி ஊட்டுல மாடு இருக்குதா?"

அழுகை நின்றது.

குழந்தை அவளை முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தது.

"எருமை இருக்குது."

"கன்னு போட்டிருக்குதா?"

"ம். அதுக்கு நெத்தியில வெள்ளை."

"அப்புச்சி எங்கே போயிட்டாரு?"

"தேரு பாக்கப் போனோம். அப்புச்சி பொரி வாங்கப் போச்சு."

குழந்தை நகர்ந்து அவள் மடியில் ஏறிக்கொண்டது. பிறகு சேலைக்காரப் பெண்ணை நோக்கி விரலை நீட்டி, ரகசியம் கேட்பதுபோல யுவராணியின் காதருகே கேட்டது.

"இவிய ஆரு?"

அறையில் இருந்த எல்லோருக்கும் அது கேட்டது.

ஏட்டு தணிகாசலம் போய்க் கதவை அடைத்துக்கொண்டு நின்றார்.

*

ஷமீமா காங்கேயம் பக்கத்து ஸ்டேஷன்களுக்குப் போன் போட்டார். இரண்டாவது போனிலேயே தெரிந்துவிட்டது. முந்தின நாள் சாயங்காலம் தேர்க்கூட்டத்தில் காணாமல் போன பெண் குழந்தை. பெயர் தன்யஸ்ரீ. ஊரே கிணறு கிணறாகத் தேடிக்கொண்டிருந்தது.

சேலைக்காரப் பெண்ணை ஒரு பெண் காவலர் உள்ளே அழைத்துப் போனார்.

யுவராணி வீட்டுக்குப் போகவில்லை. குழந்தை அவள் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டே தூங்கியது.

*

பொழுது சாயும் நேரத்தில் ஜீப் வந்து நின்றது. வேட்டி மடித்துக்கட்டிய ஒரு பெரியவர் இறங்கினார். முந்தின நாளிலிருந்து சாப்பிடாத முகம். படியில் கால் இடறியது.

"அப்புச்சி!"

பிளாட்பாரமே திரும்பிப் பார்க்கிற சத்தம். குழந்தை ஓடியது. பெரியவர் அப்படியே மண்டியிட்டார். பேத்தியை அள்ளி, கை கால் தலை என்று தடவித் தடவிப் பார்த்தார். மூட்டை தூக்குகிறவர்கள் சுமையை இறக்கிவிட்டு நின்றார்கள். ஏட்டு தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

பெரியவர் எழுந்து இன்ஸ்பெக்டரை நோக்கிக் கை கூப்பினார்.

ஷமீமா ஓரடி விலகிக்கொண்டார். அவர் நின்ற இடத்துக்குப் பின்னால் யுவராணி இருந்தாள்.

பெரியவரின் கூப்பிய கை அவள் பக்கம் திரும்பியது.

"எங்கூருப் பேச்சைப் புடிச்சுப் புள்ளையக் காப்பாத்திக் குடுத்தியாமா. ஜீப்புல சொன்னாங்க. ஏங்கண்ணு, நீ என்ன படிக்கறே?"

யுவராணி இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். ஷமீமாவும் அந்தப் பதிலுக்காகத்தான் காத்திருந்தார்.

"தமிழ் படிக்கப் போறேனுங்க," என்றாள்.