நரியண்ணன் சொன்ன பத்தியம்

முள்ளும் புதருமான ஒரு காட்டில் புள்ளிமான் ஒன்று தலைப்பிரசவத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தது. நல்ல மான்தான். ஆனால் இனிப்பாக யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடும். அதுதான் அதனிடம் இருந்த கோளாறு.

வலியை நினைத்தாலே அதற்குப் பயம். அந்தப் பயத்தை மோப்பம் பிடித்து வந்தது ஒரு நரி.

“தங்கச்சி, அழாதே. அண்ணன் நான் இருக்கிறேன். தீனியைக் குறை. நீ குறைத்தால் குட்டி சிறுக்கும். குட்டி சிறுத்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். வலியே தெரியாது.”

“நிஜமாகவா அண்ணா?”

“சத்தியமாக. காலையில் நாலு இலை, சாயங்காலம் நாலு இலை. போதும்.”

மானுக்குக் கண் கலங்கிவிட்டது. கூடப் பிறந்தவன்கூட இப்படி அக்கறைப்பட மாட்டான் என்று நரியைக் கும்பிட்டது.

அன்றிலிருந்து பட்டினி. பச்சைப் புல்லின்மேல் நடந்து போகும், குனியாது. பத்து நாளில் விலா எலும்பு வெளியே தெரிந்தது.

பக்கத்துப் புதரில் ஒரு காட்டுப்பன்றி இருந்தது. மனசில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடும்.

“ஏண்டி, வயிறு மட்டும் வந்து நிற்குது, உன்னைக் காணோமே?”

“குட்டி பெருத்துவிடக் கூடாது அக்கா. அதுதான் வாயைக் கட்டியிருக்கிறேன்.”

“எந்த மடையன் சொன்னான்? ஒரே ஈற்றில் ஏழு பெற்றவள் நான். ஒரு வேளை பட்டினி கிடந்ததில்லை. பிள்ளை பெறுவது மலை ஏறுகிற மாதிரி. வெறும் வயிற்றோடு எவளாவது ஏறுவாளா?”

ஒரு விளாம்பழத்தைப் பல்லால் உடைத்து உருட்டிவிட்டது பன்றி. மான் தொடவில்லை.

“உன் வாயில் நல்ல வார்த்தையே வராதா அக்கா? நரியண்ணன் எவ்வளவு பதமாகப் பேசுகிறார்!” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அதோடு விட்டதா? அந்த அண்ணனுக்கு நேரில் போய் நன்றி சொல்ல வேண்டும் என்று நரியின் வளைக்கே கிளம்பிவிட்டது. வாசலில் நின்றபோது உள்ளே பேச்சு கேட்டது. நரியின் மனைவியும் மாசமாக இருந்தாள்.

“இன்னொரு நண்டு சாப்பிடும்மா.”

“போதுங்க, வயிறு முட்டுது.”

“முட்டட்டும். நீ தின்றால்தானே குட்டிக்குத் தெம்பு?”

“அப்புறம் அந்த மானை ஏன் பட்டினி போட்டீங்க?”

நரி சிரித்தது. “மான்குட்டி பிறந்த கொஞ்ச நேரத்தில் எழுந்து நின்றுவிடும். பட்டினியில் பிறந்தது எங்கே நிற்கும்? துரத்தவே வேண்டாம், கவ்விக்கொண்டு வந்தால் போதும். உனக்குப் பிரசவ விருந்து!”

மான் சத்தமில்லாமல் பின்வாங்கிப் பன்றியிடம் ஓடியது.

“அக்கா, நான் முட்டாள்.”

“அது எனக்கு அப்போதே தெரியும். உட்கார். சாப்பிடு.”

கொழுந்து, நாவல்பழம், நெல்லிக்காய் என்று மான் தின்றது. தண்ணீர்ப் பக்கமாக ஆளுயரக் கோரைப்புல்லில் இரண்டும் இடம் பார்த்தன.

“வலிக்குமா அக்கா?”

“வலிக்கும். பொய் சொல்ல மாட்டேன். காற்று மாதிரி வரும், போகும். போகிறபோது மூச்சு வாங்கிக்கொள். வருகிறபோது முக்கு. நான் பக்கத்தில் இருப்பேன்.”

நரி எட்டிப் பார்த்தபோதெல்லாம் மான் புல்லுக்குள் படுத்தபடி தலையை மட்டும் காட்டியது. “நாலு இலைகூட இறங்கவில்லை அண்ணா.”

“நல்ல பிள்ளை!” என்று நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு நரி போகும்.

ஒரு நாள் வெயில் ஏறிய நேரத்தில் வலி கண்டது. வந்தது, போனது, இன்னும் பலமாக வந்தது.

“அக்கா, முடியலை!”

“முடியும். பேசாமல் முக்குடி!”

குட்டி வந்து விழுந்தது. மான் அதை நக்கி முடிப்பதற்குள் கோரைப்புல் விலகியது.

“தங்கச்சி, மருமகனைப் பார்க்க வந்தேன்” என்றது நரி.

குட்டி காலை ஊன்றியது, விழுந்தது. மறுபடி ஊன்றியது, மறுபடி விழுந்தது.

“சிரமப்படாதே கண்ணு. மாமா தூக்கிக்கொள்கிறேன்” என்று நரி வாயைத் திறந்தது.

மூன்றாவது முறை குட்டி நின்றுவிட்டது. நின்றதோடு இல்லை, நாலே தாவலில் அம்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. நரி திகைத்தது. அந்த நேரம் பார்த்துப் புல்லுக்குள்ளிருந்து பன்றி எழுந்தது.

“மாமன் சீர் எங்கேடா? வெறுங்கையோடா வந்தாய்?”

பன்றி முட்டிய முட்டில் நரி தண்ணீரில் போய் விழுந்தது. நனைந்த வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியதுதான், அந்தப் பக்கமே பிறகு வரவில்லை.

மான் பன்றியின் முன்னால் தலையைத் தாழ்த்தியது. “அக்கா, நீ இல்லாவிட்டால் இந்தப் பிள்ளை எனக்கு இல்லை. உனக்கு நான் எப்படி நன்றி…”

“பால் கொடுக்கிறவள் நீ. நன்றியை மென்றுகொண்டே சொல்லு” என்றது பன்றி.

மான் அப்படியே செய்தது.

நீதி: பிள்ளைத்தாய்ச்சியைப் பட்டினி போடுகிறவர் தேனாகப் பேசினாலும் நம்பாதே, சாப்பிட வைத்துத் துணை நிற்கிறவர் திட்டினாலும் நன்றி மறவாதே.