தலைவரைக் கட்டில் மாற்றிய கதை

அன்றைக்கு எங்கள் நகராட்சி அலுவலகத்தில் ஒரே கொண்டாட்டம். ஆஸ்பத்திரி கட்டுவதற்காக ஒன்பது சதவீத வட்டிக்கு வெளியிட்ட பழைய கடன் பத்திரங்களை அடைக்க, ஏழு சதவீதத்துக்குப் புதுப் பத்திரம் போட்டிருந்தோம். சாயங்காலத்துக்குள் அத்தனையும் விற்றுவிட்டது! தலைவர் அருணகிரி தன் கையாலேயே எல்லாருக்கும் லட்டு கொடுத்தார்.

முதல் லட்டு கணக்கு அதிகாரி ஜெயசீலி மேடத்துக்கு. தலைவரைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் தலைவர் அவரைக் "குருவே" என்றுதான் கூப்பிடுவார். இரும்புக்கடைக்காரரான அவருக்குப் பத்திரம், வட்டி எல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தது மேடம்தானே.

"குருவே, ஒரு சந்தேகம். பழைய பத்திரத்தை எப்ப அடைக்கணும்?"

"ஒப்பந்தப்படி மூணு மாசம் கழிச்சு. அன்னிக்கு அடைச்சிடுறோம்னு நோட்டீஸும் கொடுத்தாச்சு."

"அதுவரைக்கும் இந்தப் பணம்?"

"பேங்க்ல பூட்டி வைக்கணும்."

"பூட்டியா! அட, அங்க மீன் மார்க்கெட் கூரையில்லாம நிக்குது. இதை எடுத்துப் போட்டு முடிச்சிடலாம். வரி வசூலானதும் திருப்பி வெச்சிடுவோம். யாருக்கு என்ன நஷ்டம்?"

ஹெட்கிளார்க்கான எனக்கு விஷயம் தெரியும். சொன்ன தேதியில் பணம் இல்லையென்றால் ஒப்பந்தப்படி ஆஸ்பத்திரி வருமானம் முழுக்கப் பத்திரக்காரர்களிடம் போய்விடும். மருந்து வாங்கக்கூட மிஞ்சாது. மேடம் ஒரு அதட்டுப் போடுவார் என்று பார்த்தால், சிரித்துக்கொண்டே எழுந்தார்.

"வாங்க தலைவரே, ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டு வருவோம். ஹெட்கிளார்க் சார், நீங்களும் வாங்க."

பொது வார்டில் ஒரு கட்டில் காலியாக இருந்தது.

"இதுல படுங்க தலைவரே."

"நானா? எனக்கென்ன கேடு?"

"படுங்க, சொல்றேன்."

குரு சொன்னால் மறுபேச்சு ஏது? வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு படுத்தார்.

"சிஸ்டர், இவரை ஸ்ட்ரெச்சருக்கு மாத்தணும்."

சிஸ்டர் ஸ்ட்ரெச்சரைக் கட்டிலோடு ஒட்டி நிறுத்தினார். விரிப்பின் நாலு மூலையையும் சிஸ்டர், இரண்டு வார்டு ஊழியர்கள், நான் என்று ஆளுக்கொன்றாகப் பிடித்தோம்.

"தூக்குங்க!"

அப்பாடி, என்ன கனம்! மூச்சு முட்டியது. அவர் அந்தரத்தில் இருக்கும்போதே மேடம் கட்டிலைச் சர்ரென்று சுவரோரம் தள்ளிவிட்டார். அந்த நேரம் பார்த்து ஒருத்தர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"சிஸ்டர், எக்ஸ்ரேவுக்கு அவசரமா ஒரு ஸ்ட்ரெச்சர் வேணும்!"

"இதோ, இதை எடுத்துட்டுப் போங்க," என்றார் மேடம்.

ஸ்ட்ரெச்சரும் போயிற்று. வார்டே சிரித்தது. தலைவரும் கொஞ்சம் சிரித்தார். அப்போது விரிப்பு என் கைப்பக்கம் டர்ரென்று கிழிய ஆரம்பித்தது.

"யோவ், விட்றாதீங்கய்யா! குருவே, கட்டில்! சீக்கிரம் கட்டிலைப் போடச் சொல்லுங்க!"

மேடம் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"பழசைத் தள்ளியாச்சு தலைவரே. புதுசு எக்ஸ்ரே எடுக்கப் போயிருக்கு. வந்துடும், அதுவரைக்கும் கொஞ்சம் அப்படியே இருங்க. யாருக்கு என்ன நஷ்டம்?"