தவளை காதில் நுழைந்த புழு

மலையடிவாரக் காட்டில், குளத்துக்கு மேல்புறம், ஒரு பாலித்தீன் குடில் இருந்தது. எப்போதோ மனிதர்கள் போட்டு, அப்படியே விட்டுவிட்டுப் போனது. அதற்குள் தொப்பலான் என்ற தவளை குடைமிளகாய் வளர்த்தது.

விதை கொடுத்தது சிலும்பி என்ற கொண்டைக்குருவி. எங்கிருந்தோ கிடைத்த ஒரே ஒரு பழத்தைத் தின்னாமல் அலகில் கவ்விக்கொண்டு வந்து, தவளை முன்னால் வைத்தது.

“தொப்பலாண்ணே, வெளியில போட்டா மழை அடிச்சுட்டுப் போயிடும். உங்க குடிலுக்குள்ள போட்டு வளத்துக் கொடுங்க. அடைமழை மாசத்துல காட்டுல ஒரு பழம் இருக்காது. அப்ப என் குஞ்சுகளுக்கு இதுதான் சோறு!”

“கவலைய விடு தங்கச்சி! என்கிட்ட கொடுத்துட்டே இல்ல? காடே வந்து வேடிக்கை பார்க்கும் பாரு!”

சும்மா சொல்லக் கூடாது, தவளை நன்றாகத்தான் பாடுபட்டது. செடிகள் மளமளவென்று வளர்ந்தன. வெள்ளை வெள்ளையாகப் பூ வைத்தன. தவளைக்குப் பெருமை தாங்கவில்லை. குளத்தை விட்டுவிட்டுச் செடியடியிலேயே படுக்கை போட்டுக்கொண்டது.

காலையிலும் தண்ணீர், சாயங்காலமும் தண்ணீர். வேருக்கு மட்டுமா? இலை, பூ எல்லாம் நனைகிற மாதிரி தலைமேல் ஊற்றும். கூரைத் தாளில் முத்து முத்தாக நீர் கோத்து, அதன் முதுகில் சொட்டும்.

“ஆகா! எனக்கே இவ்வளவு சொகமா இருக்குன்னா, செடிக்கு எப்படி இருக்கும்!” என்று கண்ணை மூடிக்கொள்ளும்.

ஒருநாள் உச்சி வெயிலில் சிலும்பி செடிகளைப் பார்க்க வந்தது. உள்ளே கட்டியிருந்த கயிற்றில் உட்கார்ந்ததுதான் தாமதம், அதன் இறக்கை தொங்கியது. அலகு தானாகத் திறந்துகொண்டது.

“அண்ணே! உள்ள ஒரே புழுக்கம்! இப்படியே விட்டா செடி தாங்காது!”

தவளை காதில் ‘புழு’ என்ற முன்பாதிதான் விழுந்தது. புழு என்றாலே தவளைக்கு நாக்கு நீண்டுவிடும். பின்பாதியைக் கேட்க எங்கே பொறுமை? அதுவும் போக, ஈரத்திலேயே பிறந்து ஈரத்திலேயே கிடக்கிற தவளைக்குப் புழுக்கம் என்ற சொல் எதற்கு? அது கேட்டதே இல்லை.

“புழுவா! நான் இருக்குற இடத்துல புழுவா!”

“ஐயோ, நான் சொன்னது…”

“பேசாதே! விதை கொடுத்தோம்ங்கிற திமிரு! எல்லாரும் இங்க வாங்க! கேட்டீங்களா கதைய? ஒரு தவளை வளக்குற தோட்டத்துல புழுவாம்!”

கீரி வந்தது. அணில்கள் வந்தன. தவளை தோட்டத்தில் புழு என்றதும் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தன.

“என் செடி மேல கண்ணு வெச்சுட்டே நீ! இனிமே இந்தப் பக்கம் வராதே, போ!”

வெளியே மரக்கிளையில் சிலும்பியின் குஞ்சுகள் உட்கார்ந்திருந்தன. அம்மா திட்டு வாங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தன. சிலும்பி அவற்றை அழைத்துக்கொண்டு பறந்துபோனது.

தவளைக்கு ஆத்திரம் அடங்கவில்லை. “ஒரு புழுகூட உள்ள வரக் கூடாது!” என்று பக்கத் தாள்களை எல்லாம் இறக்கிவிட்டது. கண்ட கண்ட பொத்தலை எல்லாம் சேறு வைத்து அடைத்தது. உள்ளே காற்றே ஆடவில்லை. தவளைக்கோ அப்படி ஒரு தூக்கம்!

அதற்கப்புறம் பூக்கள் உதிர ஆரம்பித்தன. இலைகளில் சாம்பல் பூத்தது போலப் பூஞ்சை படர்ந்தது. பிஞ்சுகள் அடிப்பக்கம் கறுத்து, கொழகொழவென்று ஆகிக் கீழே விழுந்தன.

தவளை இலை இலையாகப் புரட்டிப் புழுவைத் தேடியது. ஒன்றும் இல்லை. “புழுவும் இல்ல, பூச்சியும் இல்ல. அப்புறம் ஏன் சாகுது? தாகமா இருக்குமோ?” என்று இன்னும் தண்ணீர் ஊற்றியது. இன்னும் செடிகள் செத்தன.

ஒருநாள் கீரி, “உன் தோட்டத்தைக் காட்டேன்” என்று சேற்றைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தது. நுழைந்த வேகத்தில் வெளியே ஓடிவந்து மூச்சு வாங்கியது.

“அடேயப்பா! என்ன புழுக்கம்டா சாமி!”

“நீயுமா! எங்கடா புழு? காட்டு!”

“புழுவா? ஏண்டா, புழுக்கம்னா புழுவாடா!” கீரி தரையில் உருண்டு உருண்டு சிரித்தது. “காத்து உள்ள வர வழியில்ல, ஈரம் வெளிய போக வழியில்ல. கொதிக்கிற சோத்துப் பானைக்குள்ள போட்டுத் தட்டால மூடின மாதிரி மூச்சு முட்டுது. அதுக்குப் பேருதான்டா புழுக்கம்! அந்தச் செடியும் பாவம், எங்க போய் மூச்சு விடும்?”

திடீரென்று கீரியின் சிரிப்பு நின்றது.

“அப்ப அன்னிக்கு அந்தக் குருவி சொன்னது…” என்று இழுத்தது. “அன்னிக்கு நானும்ல சிரிச்சேன்.”

தவளை குளத்தில் குதித்து அடியாழத்துக்குப் போய்ச் சேற்றுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. ஆனால் எவ்வளவு நேரம்தான் முங்கியிருக்க முடியும்? மூச்சுக்கு மேலே வந்தால், நேர் எதிரே சிலும்பியின் மரம். மறுபடி முங்கியது. மறுபடி வந்தது. மலை உச்சியில் கருமேகம் இறங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் தவளை தத்தித் தத்தி மரத்தடிக்குப் போனது. கூப்பிட வாய் வரவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தது.

“அம்மா! நம்மள விரட்டின தவளை மாமா வந்திருக்கு!” என்றது ஒரு குஞ்சு.

சிலும்பி எட்டிப் பார்த்தது. தவளை தலையைத் தூக்கவே இல்லை.

“தங்கச்சி, நீ சொன்ன வார்த்தை எனக்குத் தெரியல. தெரியலைன்னு கேக்கவும் வாய் வரல. ஊரைக் கூட்டித் திட்டத்தான் வந்துச்சு. செடியில புழு இல்லம்மா. என் காதுலதான் இருந்துச்சு.”

சிலும்பி கீழ்க்கிளைக்கு இறங்கி வந்தது.

“என்னைத் திட்டினது போகட்டும். செடி ஏதாவது மிஞ்சியிருக்கா?”

“ஒரு ஓரத்துல… கொஞ்சம்.”

“அப்புறம் ஏன் இங்க உக்காந்துட்டு இருக்கீங்க? நடங்க!”

தவளை நடந்தது. ஆனால் குடில் வாசலில் நின்று, அன்றைக்குக் கூப்பிட்டது போலவே எல்லாரையும் கூப்பிட்டது. மரத்தடியில் சொன்னதை எல்லார் முன்னாலும் இன்னொரு தடவை சொன்னது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

கீரி நகத்தால் சேற்றைப் பெயர்த்தது. அணில்கள் பக்கத் தாள்களைச் சுருட்டி ஏற்றின. அழுகின இலை, காய் எல்லாவற்றையும் பொறுக்கித் தூரமாகக் கொண்டுபோய்ப் புதைத்தன. இனிமேல் காலையில் மட்டும், வேரடியில் மட்டும் தண்ணீர். சிலும்பி தினமும் கயிற்றில் உட்கார்ந்து பார்க்கும். புழுக்கத்தில் அதன் அலகு திறந்துகொண்டால், அணில்கள் தாளை இன்னும் ஒரு சுற்றுச் சுருட்டும். சாரல் அடித்தால் அந்தப் பக்கத்தை மட்டும் இறக்கும்.

காற்றாடும் குடிலில் தவளையின் தோல் காய்ந்தது. அது படுக்கையைச் சுருட்டிக்கொண்டு குளத்துக்கே திரும்பியது.

அடைமழை வந்தது. காட்டில் ஒரு பழம் இல்லை. குடிலில் மட்டும் அந்த ஓரத்துச் செடிகளில் சில காய்கள் பழுத்தன. குஞ்சுகள் தின்றன. சிலும்பி தின்னவில்லை.

“நீ சாப்பிடலையாம்மா?”

“எனக்குப் பசிக்கலடா கண்ணு!”

தவளைக்கு அது பொய் என்று தெரியும். காலியாகக் கிடந்த செடியில்லாத மண்ணைப் பார்த்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நின்றது.

சிலும்பி ஒரு பழத்தின் விதைகளைக் கொண்டுவந்து அதன் முன்னால் வைத்தது.

“இந்தாங்கண்ணே, அடுத்த வருஷத்துக்கு. நல்லா ஆற வெச்சுட்டு விதைங்க.”

தவளை விதையை வாரிக்கொண்டு ஒரே தாவாகத் தாவப் போனது. சட்டென்று நின்றது. தயங்கித் தயங்கித் திரும்பி வந்தது.

“தங்கச்சி… ஆற வெச்சுன்னா… ஆத்துல கொண்டுபோய் வெக்கிறதா?”

சிலும்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு விரட்டப்பட்டதற்கப்புறம் அது சிரித்தது அப்போதுதான். “இல்லண்ணே! ஈரம் போக நிழல்ல காய வைக்கிறது!” என்றது.

தெரியாத சொல்லுக்குப் பொருள் கேட்பதில் வெட்கம் இல்லை. கேட்காமல் சொன்னவரைத் திட்டுகிறவன்தான் பின்னால் தலைகுனிந்து நிற்பான்.