எட்டி என்று சொன்னவர்

மலையடிவாரத்து ஊர்களில் இக்கதையைச் சொல்வோர் மடத்தின் பெயரை மாற்றுவர்; சிலர் காலத்தையும் மாற்றுவர். மரங்கள் இரண்டின் பெயரை மட்டும் எவரும் மாற்றுவதில்லை.

ஒன்று தேத்தா, கலங்கிய நீரைத் தெளியவைக்கும் கொட்டையைத் தருவது. மற்றது எட்டி, விதை முதல் பட்டை வரை நஞ்சு. இலையும் காயும் இருக்கும்போது அவற்றைப் பிரித்தறிதல் எளிது. கோடையில் இலை உதிர்ந்தபின் வெட்டி, பட்டையைச் சீவி, காயவைத்துக் கட்டிவிட்டால், இரண்டும் ஒரே நிறம், ஒரே கனம். எட்டி விறகில் வெந்த சோறு வயிற்றுக்கு ஆகாது என்பது அவ்வூரார் நம்பிக்கை. ஆகவே மடத்து மடைப்பள்ளிக்குள் எட்டி நுழையக்கூடாது.

விறகுக்குப் பொறுப்பாளர் திருமேனிநாதர். அறுபத்திரண்டு வயது. முப்பது ஆண்டுகள் மரக்கிடங்கில் மரம் அளந்தவர். மனைவி மறைந்தபின் மடத்துக்கு வந்து சீடரானார். குருவான வெயிலுகந்த அடிகள் அவரினும் இருபது வயது இளையவர். அதனால் சீடரை ‘அண்ணாச்சி’ என்றே அழைப்பார்.

அன்னதானத்துக்கு முந்தின நாள். அடிகள் வெளியூர் சென்றிருந்தார். மலைக்குடியிருப்புப் பெண்கள் தலைச்சுமையாக விறகு கொண்டுவந்து மடத்து முற்றத்தில் இறக்கினர். திருமேனிநாதர் ஒவ்வொரு கட்டாகப் பார்த்துக்கொண்டு வந்தார். மாடத்தி என்பவளின் கட்டருகே நின்று, கைத்தடியால் அதைத் தட்டினார்.

“இது எட்டி.”

“இல்லய்யா, தேத்தா.”

“முப்பது வருசம் மரம் அளந்தவன் நான். எனக்கே பாடமா?”

மாடத்தி அரிவாளால் ஒரு விறகிலிருந்து சிம்பு ஒன்றைச் சீவினாள். ஒரு முனையைக் கடித்துப் பார்த்தாள். மறு முனையை அவரிடம் நீட்டினாள்.

“நாக்குல வச்சுப் பாருங்க. எட்டின்னா அப்பவே துப்பிருவீக. நாங்க இப்பிடிப் பாத்துத்தான் வெட்டுவோம்.”

அவர் ஓரடி பின்வாங்கினார்.

“நீ கடிச்சதையா?”

முற்றத்தில் சிரிப்பு எழுந்தது. சமையற்காரர் ஐயம்பெருமாள் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார். மாடத்தியின் கட்டை மதிலுக்கு வெளியே போடும்படி திருமேனிநாதர் சொன்னார். போட்டார்கள்.

‘அன்னதானத்துக்கு எட்டி கொண்டாந்தவ’ என்ற பேச்சு பொழுது சாய்வதற்குள் ஊரைச் சுற்றிவிட்டது. மறுநாளிலிருந்து மாடத்தி எந்தத் தெருவில் கூவினாலும் கதவு திறக்கவில்லை. விறகு விற்றால்தான் அவள் வீட்டில் உலை.

நான்காம் நாள் உச்சிவேளையில் மடம் உறங்கிக்கொண்டிருந்தது. திருமேனிநாதர் மதிலோரம் போனார். ஏன் போனார் என்பதற்குச் சொல்வோர் ஆளுக்கொரு காரணம் கூறுவர். கட்டு போட்ட இடத்திலேயே கிடந்தது. அவர் ஒரு சிம்பை உரித்து நுனிநாவில் வைத்தார். கசப்புக்காகக் காத்திருந்தார்.

கசக்கவில்லை.

இன்னொரு விறகில் பார்த்தார். அதுவும் கசக்கவில்லை. கயிற்றை அவிழ்த்து, விறகு விறகாக எடுத்து நாவில் வைத்தார். ஒன்றாவது எட்டியாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டாராம். கடைசி விறகும் தேத்தா.

சுற்றுமுற்றும் பார்த்தார். ஆளில்லை. விறகைக் கை கொள்ளுமளவு அள்ளி அள்ளிக் கொண்டுவந்து, மடத்து விறகடுக்கில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் செருகினார். எவரிடமும் சொல்லவில்லை.

மாடத்தி தேரடியில் விற்காத விறகோடு உட்கார்ந்திருக்கிறாள் என்று யாரேனும் சொன்னால், வேறு பேச்செடுத்தார். பந்தியில் இரண்டு கவளம் உண்பதற்குள் எழுந்துகொண்டார்.

பத்தாம் நாள் அடிகள் ஊர் திரும்பினார். திருமேனிநாதர் அவர் முன்னே வந்து நின்றார்.

“சாமி, தேத்தாவையும் எட்டியையும் பிரிச்சறியிறது எப்பிடி?”

அடிகள் எழுந்து விறகடுக்கை நோக்கி நடந்தார். சீடர் பின்தொடர்ந்தார்.

“இதுல மாடத்தி விறகு எது? எடுத்துக் குடுங்க.”

திருமேனிநாதர் கையை நீட்டினார். எல்லா விறகும் ஒன்றுபோல் இருந்தன. கேட்கப்பட்டது என்ன என்பது அதன்பிறகே அவருக்கு உறைத்தது. நீட்டிய கை நீட்டியபடி நின்றது.

“சாமிக்கு எப்பிடித் தெரியும்?”

“ஊர்ப் பேச்சு வழியிலயே காதுல விழுந்துச்சு. மதிலோரமா வந்தேன். கயிறு கெடக்கு, விறகைக் காணோம். எட்டி விறகைத் திருடிட்டுப் போற கிறுக்கன் நம்ம ஊர்ல யாரு அண்ணாச்சி?”

திருமேனிநாதர் தரையில் உட்கார்ந்துவிட்டார். நடந்ததையெல்லாம் சொன்னார். சொல்லும்போது அடிகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

“நாப்பது நாள் மௌன விரதம் இருக்கேன் சாமி.”

“ஆறு நாளா அதைத்தானே செஞ்சீக?”

“அவ வீட்டுக்கு அரிசி அனுப்புதேன். யாரு குடுத்ததுன்னு தெரியாம.”

“அவ அரிசியா கேட்டா?”

“மலைக்குப் போயி, அவ குடிசையில வச்சு மன்னிப்புக் கேக்கேன்.”

“அங்க யாரெல்லாம் இருப்பாக?”

“அவ ஒருத்திதான்.”

“எட்டின்னு சொன்னப்ப யாரெல்லாம் இருந்தாக?”

திருமேனிநாதர் தலை கவிழ்ந்தார்.

“நாளைக்குச் சந்தை,” என்றார் அடிகள்.

மறுநாள் தேரடியில் கூட்டம் நெரிந்தது. தேர்ச்சக்கரத்தின் அருகே மாடத்தி விறகுக்கட்டோடு உட்கார்ந்திருந்தாள். திருமேனிநாதர் அவள் முன்னே போய் நின்றார்.

“மாடத்தி கொண்டாந்தது தேத்தா. எட்டின்னு நான் சொன்னது தப்பு.”

பக்கத்தில் வெற்றிலை விற்றுக்கொண்டிருந்த பெண் தலையைத் தூக்கினாள்.

“என்ன சொல்லுதீக பெரியவரே? எனக்கே கேக்கல. வாய்க்குள்ளயே முணங்குனா எப்பிடி?”

அவர் மறுபடியும் சொன்னார். நாலு பேர் திரும்பினர். மூன்றாம் முறை சொன்னபோது சந்தைக்கு வந்திருந்த ஐயம்பெருமாளின் காதில் அது விழுந்தது.

“முப்பது வருசம் மரம் அளந்தவுகளுக்கே கண்ணு அவிஞ்சு போச்சா! அப்ப மரத்தை அளந்தீகளா, இல்ல நெழலை அளந்தீகளா?”

தேரடி முழுவதும் சிரித்தது. மாடத்தி மட்டும் சிரிக்கவில்லை.

“தேத்தான்னு எப்பிடித் தெரிஞ்சுது?”

“நாக்குல வச்சுப் பாத்தேன்.”

“எப்ப?”

‘நேத்து’ என்ற சொல் அவர் வாய்வரை வந்தது. இக்கதையின் எல்லா வடிவங்களும் இதை ஒன்றுபோலவே கூறுகின்றன.

“ஏழு நாளாச்சு.”

மாடத்தி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“கண்ணு யாருக்கும் தப்பும்யா. எனக்கே தப்பியிருக்கு. அதுக்காவ நான் கோவிக்கல. தெரிஞ்சபெறவு ஏழு நாளு நான் இந்த வெயில்ல உக்காந்திருந்தேனே, அது எதுல சேத்தி?”



அவள் சும்மாட்டைத் தலையில் வைத்தாள். சுமையைத் தூக்கிவிட இன்னொரு கை வேண்டும். திருமேனிநாதர் குனிந்தார்.

“வேண்டாம்யா,” என்றாள் மாடத்தி. வெற்றிலைக்காரியின் பக்கம் திரும்பினாள். “யக்கா, ஒரு கை குடு.”

சுமை தலைக்கு ஏறியது. அவள் தெருவுக்குள் நடந்தாள். அன்று ஊரில் எல்லாக் கதவும் திறந்தன என்று இளையவர்கள் சொல்வர். முதியோர் சொல்லும் வடிவத்தில் திறந்தவை இரண்டே கதவுகள்.

திருமேனிநாதர் மடத்துக்குத் திரும்பி, அடிகளின் எதிரே உட்கார்ந்தார்.

“சொல்லிட்டேன் சாமி.”

“கேள்விப்பட்டேன்.”

“மூணு தடவை சொன்னேன். எல்லாரும் சிரிச்சாக.”

“ம்.”

“ஏழு நாளுங்கிறதையும் மறைக்கல.”

“அதையும் கேள்விப்பட்டேன்.”

திருமேனிநாதர் இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

“ஆனா வெக்கம் போகலையே சாமி. சொன்னபெறவு கூடிக்கிட்டேதான் போகுது. எல்லாத்தையும் சொல்லியும் ஏன் போகல?”

அடிகள் கேட்டார்:

“அது போகணும்னுதானா சொன்னீக அண்ணாச்சி?”